மார்பை எடுத்தீர்கள், கைக்கு யார் பொறுப்பு?

அக்டோபர் மாதம் வந்தால் ஊரெங்கும் இளஞ்சிவப்பு நாடா. கல்லூரிகளில் கருத்தரங்கு, கடற்கரையில் விழிப்புணர்வு ஓட்டம், தனியார் மருத்துவமனைகளின் தள்ளுபடிப் பரிசோதனை விளம்பரம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். இது பொய்யில்லை. ஆனால் இந்த வாசகம் அறுவை அரங்கின் வாசலோடு நின்றுவிடுகிறது. கட்டியை வெட்டியெடுத்து, தையல் போட்டு, பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவளுக்கு என்ன ஆகிறது என்று எந்த நாடாவும் பேசுவதில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் பெண்ணிடம் ஓர் அறிவுரைத் தாள் கொடுப்பார்கள். எந்த மருத்துவமனையானாலும் அதில் இருப்பவை ஏறத்தாழ ஒன்றுதான். அறுவை நடந்த பக்கத்துக் கையால் கனமான பொருளைத் தூக்காதீர்கள். அந்தக் கையில் வெட்டு, முள், சூடு, பூச்சிக்கடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றிலும் அழுக்குத் தண்ணீரிலும் வேலை செய்தால் கையுறை அணியுங்கள். தினமும் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யுங்கள். சத்தாகச் சாப்பிடுங்கள், நன்றாக ஓய்வெடுங்கள்.

இந்தத் தாள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது? நாற்று நடுகிறவளையா? செங்கல் சூளையில் கல் சுமக்கிறவளையா? விடியற்காலையில் தெருக்கூட்டப் போகிறவளையா? நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, ஐந்தாவது வீட்டில் துணி துவைக்கிறவளையா? தாளில் இருக்கும் பெண்ணுக்குச் சமைத்துப்போட வேறொருத்தி இருக்கிறாள். அவள் கை அசையாவிட்டாலும் அடுப்பு எரியும். உழைக்கும் சாதிப் பெண்ணுக்கோ கைதான் நிலம், கைதான் ரேஷன் கார்டு, கைதான் பிள்ளையின் பள்ளிக்கூடம்.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் மார்பை மட்டும் எடுப்பதில்லை, பெரும்பாலும் கையின் பலத்திலும் ஒரு பங்கை எடுக்கிறார்கள். அந்த இழப்பை யார் சுமக்கிறார்கள் என்பதை இந்த நாட்டில் சாதி தீர்மானிக்கிறது. அறுவைக்குப் பணம் தரும் அரசு, குணமாகும் காலத்துக்கும் பணம் தரவேண்டும். தராதவரை அது பாதி சிகிச்சைதான்.

கத்தி எங்கெல்லாம் போகிறது

நம் பெண்களுக்கு இந்த அறுவையில் என்ன செய்யப்படுகிறது என்பதையே முழுதாகச் சொல்வதில்லை. 'கட்டி இருக்கு, எடுத்துடணும், கையெழுத்து போடும்மா' என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆகவே முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

அறுவை இரண்டு வகை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றுவது ஒன்று. மார்பு முழுவதையும் எடுத்துவிடுவது மற்றொன்று. இரண்டிலுமே அக்குளைத் திறந்து பார்ப்பது வழக்கம். புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள். நெறிகட்டி இருக்கிறது என்கிறோமே, அந்த நெறிகள். அவற்றில் நோய் இருந்தால் கொத்தாக அகற்றுவார்கள்.

சிக்கல் இங்கேதான். கையிலிருந்து வடியும் நிணநீருக்கு இந்த முடிச்சுகள்தான் முக்கிய வடிகால். வடிகாலை எடுத்துவிட்டால் தண்ணீர் தேங்கும் அல்லவா? அப்படித்தான் கை வீங்குகிறது. அக்குள் முடிச்சுகளை முழுதாக அகற்றிய பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்த நிணநீர் வீக்கம் வருகிறது. அறுவை முடிந்த மறுநாளே வருவதும் இல்லை. பல மாதம் கழித்து வரும், இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் வரும். தொடக்கத்தில் கவனித்தால் குறைக்கலாம். விட்டுவிட்டால் தோல் தடித்து இறுகிப்போகும். சின்னக் கீறல்கூடக் கை முழுக்கச் சிவந்து, காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

அறுவைக்குப் பின் நெஞ்சிலிருந்து ஒரு டியூப் வெளியே வரும், அதன் முனையில் ஒரு பை. கசிகிற நீரைத் தினமும் அளந்து எழுதவேண்டும். ஒரு நாளைக்கு 20 அல்லது 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் டியூப்பை எடுப்பார்கள். அதற்கு ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். மேல்கையின் உட்புறம் மரத்துப்போகும், அந்த வழியாகப் போகும் உணர்வு நரம்பு வெட்டுப்படுவதால் அல்லது இழுபடுவதால். தோள் இறுகும். முதல் நாளிலிருந்தே விரலை மூடித் திறந்து, முழங்கையை மடக்கி நீட்டிப் பழகவேண்டும். டியூப்பை எடுத்த பிறகு சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறிக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகவேண்டும்.

இது ஏதோ கூடுதல் வசதி என்று நினைக்காதீர்கள். நம் சனங்கள் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்கவேண்டும். தோள் இறுகிய பெண்ணால் அது முடியாது. பயிற்சி சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் அடுத்த சிகிச்சையே தள்ளிப்போகிறது.

அறுவை ஒரு நாள் வேலை. அதோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பல சுற்றுக் கீமோ ஊசி, மூன்று முதல் ஐந்து வாரம் தினமும் கதிர்வீச்சு, பலருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை தினமும் ஒரு மாத்திரை. 'ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இனி ஒன்னுமில்ல' என்று சொல்லி அனுப்புவதில் எவ்வளவு பெரிய மறைப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

அறிவியல் மாறியது, யாருக்கு?

1890களில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்பு, அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். பல பத்தாண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. அதிகம் வெட்டினால் அதிகம் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்டவர்களை மருத்துவ உலகம் ஏளனம் செய்தது. 1976இல் பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வின் முடிவு 1985இல் வெளியானது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பு முழுவதையும் எடுத்தாலும், உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஒன்றுதான். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதே முடிவு. இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசி செய்த ஆய்வும் அதையே சொன்னது.

மருத்துவர்கள் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. மயக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் கேட்காமலே, கட்டியைச் சோதித்த கையோடு மார்பையும் எடுத்துவிடும் வழக்கத்தை எதிர்த்து ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவில் போராடினார். அவரும் இந்த நோய்க்கு ஆளானவர். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978இல் மார்பு அகற்றப்பட்டது. செயற்கை மார்பை வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போனபோது, இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று செவிலியர் ஒருவர் கண்டித்ததை 1980இல் வெளியான தன் நூலில் எழுதினார். பெண்ணின் நோயைவிடப் பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்படும் சங்கடம் பெரிதாகிப்போன உலகத்தை அவர் அம்பலப்படுத்தினார். கறுப்புப் பெண்ணாக, உழைப்பவளாக, தன்பால் ஈர்ப்புடையவளாக இருந்துகொண்டு அவர் அதைச் சொன்னார் என்பதால்தான் நமக்கு அவர் சொந்தக்காரி.

பிறகு அக்குள் முடிச்சுகளிலும் மாற்றம் வந்தது. 1990களிலிருந்து, நோய் முதலில் போய்ச் சேரும் ஓரிரு 'காவல் முடிச்சு'களை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடும் முறை வளர்ந்தது. இதில் கைவீக்கம் வருவது ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்குத்தான்.

அப்படியானால் மார்பையும் கையையும் காப்பாற்றும் அறிவியல் நம்மிடம் இருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கிறது? கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்து சேர்பவளுக்கு. வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக்கு வந்துபோக முடிந்தவளுக்கு. கதிர்வீச்சுக் கருவி பெரிய நகரங்களில் இருக்கிறது. கூலிக்காரி பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, திரும்பினால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. 'மொத்தமா எடுத்துட்டா அலைச்சல் கொஞ்சம் குறையும்மா' என்று சொன்னால் அவள் தலையாட்டத்தான் செய்வாள். இதற்குப் பெயர் நோயாளியின் விருப்பத் தேர்வாம்! பணம் இல்லாதவளின் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது மருத்துவத்தின் பழைய பழக்கம்.

கையே மூலதனம்

என் பெரியம்மாவுக்கு அறுவை நடந்தபோது மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அதை மறைக்க மாட்டேன், அது பெரிய விஷயம். வலப்பக்க மார்பை எடுத்தார்கள், அக்குளையும் துப்புரவாக எடுத்தார்கள். நல்ல மருத்துவர், நன்றாகத்தான் செய்தார். மூன்றாவது மாதம் பெரியம்மா நடவுக்குப் போனார். போகாமல் எப்படி இருப்பது? வீட்டில் வாங்கிய கடன் காத்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் கை வீங்கியது. வளையல் ஏறவில்லை, ரவிக்கையின் கைப்பகுதியைக் கத்தரித்துவிட்டுப் போட்டுக்கொண்டார். களையெடுக்கப் போன இடத்தில் நிலக்காரர் வீட்டம்மா சொன்னார்: 'ஒத்தக் கை ஆளுக்கு எப்படி முழுக் கூலி தர்றது?' அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு அரைக்கூலி. புற்றுநோய் அவரை விட்டுவிட்டது, சாதி விடவில்லை.

அந்த வீட்டம்மாவுக்கு இதே நோய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கும் இதே அறுவைதான், இதே டியூப்புதான், இதே வலிதான். வலியில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் அவர் கை வீங்கினால் அவர் நிலம் சுருங்காது. சாதி உழைப்பைப் பிரித்தபோது உடலுறுப்புகளையும் சேர்த்துத்தான் பிரித்துக்கொடுத்தது. ஒரு சாதிக்குக் கை என்பது அணிகலன் பூட்டும் இடம், இன்னொரு சாதிக்கு அதுதான் உலையில் போடும் அரிசி.

'கனத்தைத் தூக்காதே' என்ற அறிவுரையின் கதையையும் கேளுங்கள். இதை வாழ்நாள் தடையாகவே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கைவீக்கம் உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. பயிற்றுநரின் கண்காணிப்பில் மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் வீக்கம் கூடுவதில்லை, திடீரெனச் சீறிக் கிளம்புவதும் குறைகிறது என்று அது காட்டியது. அதாவது கை பலம் பெறலாம், வேலைக்கும் திரும்பலாம். நல்ல சேதிதான். ஆனால் 'மெதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். சித்தாள் வேலையில் முதல் வாரம் அரைச் சட்டி கலவை, அடுத்த வாரம் முக்கால் சட்டி என்று மேஸ்திரி கொடுப்பாரா? சூளை முதலாளி நாலு கல்லில் தொடங்கச் சொல்வாரா? குப்பை வண்டி அவள் தோளுக்காகக் காத்திருக்குமா? கண்காணிக்கும் பயிற்றுநருக்கு எங்கே போவது? அறிவியல் சொல்லும் 'படிப்படியாக' என்பதற்குக் கூலியோடு கூடிய காலம் வேண்டும். அந்தக் காலத்தைத்தான் நம் பெண்களுக்கு யாரும் தருவதில்லை.

தரவே முடியாத ஒன்றையா கேட்கிறோம்? இந்த நாட்டின் சட்டம் ஏற்கெனவே ஒரு பகுதியினருக்கு அதைத் தருகிறது. இஎஸ்ஐ திட்டத்தில் உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், உரிய பங்களிப்புக் காலம் இருந்தால், கூலியில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டு வரை நோய்க்கால உதவியாகப் பெறலாம். புற்றுநோயிலிருந்து மீளக் காலம் வேண்டும், அந்தக் காலத்தில் அடுப்பு எரியவேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது! இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான அதார்க்கர் அறிக்கை 1944இல் வந்தது. அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவரும் அவர்தான். உடல் ஓயும்போது கூலி நிற்கக் கூடாது என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற கோரிக்கை.

ஆனால் அந்த வேலிக்கு உள்ளே யார், வெளியே யார்? வயலில் நடுகிறவள் வெளியே. வீட்டுவேலை செய்கிறவள் வெளியே. சூளையில் சுமக்கிறவள் பெரும்பாலும் வெளியே. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் காகிதத்தில் உள்ளே, ஒப்பந்தக்காரர் பணம் கட்டாவிட்டால் வெளியே. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். தங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே, பணியை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். அவர்களைக் காவல்துறை நள்ளிரவில் அப்புறப்படுத்தியது. பணி நிரந்தரம் என்றால் சம்பள உயர்வு என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். உடம்புக்கு முடியாதபோது வேலை போகாமல் படுத்திருக்கும் உரிமையும் அதில் அடக்கம். அந்த உரிமை இல்லாதவளுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால் முதலில் என்ன செய்வாள்? மறைப்பாள்.

'ஏம்மா இவ்வளவு லேட்டு?'

புற்றுநோய்ப் பிரிவில் நம் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர் கோபத்தில் ஓர் அக்கறையும் இருக்கலாம். ஆனால் கேள்வி போய்ச் சேரவேண்டிய இடம் வேறு.

இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகவும், ஏறத்தாழ 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. இவ்வளவு பெரிய நோய்க்கு, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு இதில் முன்னணி மாநிலம் என்று பெருமைப்படுகிறோம், இங்கும் ஒற்றை இலக்க விழுக்காடுதான். பரிசோதிக்கவே இல்லாத அரசின் மருத்துவமனையில், வந்தவளைப் பார்த்து ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள்.

'உன்னை நீயே பரிசோதித்துக்கொள்' என்பது அடுத்த உபதேசம். ஷாங்காய் நகர நெசவாலைகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை. உடம்பில் புதிய கட்டியோ, தோல் சுருக்கமோ, காம்பிலிருந்து ரத்தக் கசிவோ தெரிந்தால் உடனே காட்டவேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசின் பொறுப்பைப் பெண்ணின் விரல் நுனிக்கு மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, அதை நிரூபித்தவர்கள் மும்பைக் குடிசைப் பகுதிப் பெண்கள். டாட்டா நினைவு மருத்துவமனை அங்கே ஒன்றரை லட்சம் பெண்களிடையே 1998இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து கையால் தொட்டு மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். பெரிய எந்திரம் இல்லை. 2021இல் வெளியான முடிவின்படி, நோய் முற்றாத கட்டத்திலேயே கண்டுபிடிப்பது கூடியது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

தொட்டுப் பார்த்தார்கள், பிழைத்தார்கள். இந்தச் சொல்லை நாம் எளிதாகக் கடந்துபோக முடியுமா? தொடுதலையே குற்றமாக்கிய சமூகம் இது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே 'என்ன பிரச்சனை?' என்று கேட்டு மாத்திரை எழுதி அனுப்பும் மருத்துவரை நம் காலனிப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். 'நெஞ்சுல வலி' என்றால் தைலம், 'கட்டி மாதிரி இருக்கு' என்றால் 'சூட்டுக்கட்டி, சரியாயிடும்.' கையால் தொட்டுக் கண்டுபிடிக்கவேண்டிய நோயில், தொடாமலே அனுப்புவது மரணதண்டனைக்குச் சமம். தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது ஆதிக்கசாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டு குறைவு என்று 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை எழுதியது. அந்த 14.6 ஆண்டு ஒரே நாளில் களவாடப்பட்டதல்ல. இப்படித் தொடாமல் அனுப்பிய நாட்களின் கூட்டுத்தொகை அது.

'புற்றுநோய்க்குச் சாதி தெரியுமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். உயிரணுவுக்குச் சாதி தெரியாது. கட்டி எத்தனை மாதம் கழித்து மருத்துவரின் கையில் படுகிறது என்பதற்குத் தெரியும். எந்த அறுவை கிடைக்கிறது என்பதற்குத் தெரியும். அறுவை முடிந்த எத்தனையாவது நாள் அவள் குடத்தைத் தூக்கவேண்டும் என்பதற்கு நன்றாகவே தெரியும்.

மானமும் மார்பும்

மார்பைப் பற்றி வாய்திறந்து சொல்ல முடியாத வெட்கத்தைப் பெண்ணின் அறியாமை என்கிறார்கள். திருவிதாங்கூரில் எந்தச் சாதிப் பெண் மார்பை மூடலாம் என்று அரசே விதித்தது. தோள்சீலை அணிந்த பெண்களைத் தெருவில் அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் வந்த அரச ஆணை சாணார் பெண்கள் மார்பை மூட அனுமதித்தது, அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. மார்பு நம் பெண்களுக்கு ஒருபோதும் வெறும் உறுப்பாக விடப்படவில்லை. அடித்து அவமானப்படுத்தி, போராடி மூடிக்கொண்ட இடம் அது. கதவும் திரையும் இல்லாத புறநோயாளர் அறையில், பத்துப் பேர் நிற்க, 'ஜாக்கெட்டைக் கழட்டும்மா' என்று சத்தம்போட்டால் அவள் அடுத்த முறை வரமாட்டாள். வெட்கப்படவேண்டியது ஒரு திரைச்சீலை மாட்டாத நிர்வாகம்.

நம் வீடுகளையும் சொல்லத்தான் வேண்டும். மார்பை எடுத்த மனைவியோடு ஒரே பாயில் படுக்காத ஆண்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். 'பொம்பளையே இல்ல' என்று சொல்லி வேறொருத்தியைத் தேடியவர்களும் இருக்கிறார்கள். மேடையில் அண்ணலின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, வீட்டில் அவள் வடியும் டியூப்போடு தண்ணீர்க் குடம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது என்ன சாதி ஒழிப்பு? குடத்தை நீ தூக்கு. அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிகிச்சை அது ஒன்றுதான்.

இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்டிக் கொன்றால் ஊர்வலம் போகிறோம், போகவேண்டும். இரண்டு ஆண்டுகள் இழுத்து, கைவீங்கி, கடன்பட்டு, சிகிச்சையைப் பாதியில் விட்டுச் சாகிற பெண்ணுக்காக நாம் ஒரு சுவரொட்டிகூட ஒட்டியதில்லை. இதையும் சாதிக்கொலைக் கணக்கில் எழுதப் பழகவேண்டும்.

என்ன கேட்கிறோம்

காப்பீட்டு அட்டை இருக்கிறதே, இன்னும் என்ன என்பார்கள். அட்டை மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. நோயாளியின் கையில் ஒரு காசும் வருவதில்லை. அறுவை, ஊசி, கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் பெட்டியில் விலைப்பட்டியல் இருக்கிறது, அவள் இழந்த கூலிக்கு மட்டும் இல்லை.

ஆகவே முதல் கோரிக்கை: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு அமைப்புசாராப் பெண் தொழிலாளிக்கும் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதாமாதம் கூலி இழப்பீடு. முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கருவுற்ற ஏழைப் பெண்ணின் வருமான இழப்பை ஈடுசெய்ய 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் இன்று 18,000 ரூபாய் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே முத்துலட்சுமி ரெட்டிதான். அவர் பெயரால் பிள்ளை பெறுகிறவளுக்குக் கூலி இழப்பீடு உண்டு, அவர் போராடிய நோயால் மார்பை இழக்கிறவளுக்கு இல்லை. பெண் உடல் பிள்ளை பெறும்போது மட்டும்தான் அரசின் கண்ணுக்குத் தெரியுமா?

இரண்டாவது: கைக்குச் சிகிச்சை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மார்பக அறுவை முடிந்த ஒவ்வொரு பெண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, தோள் பயிற்சியும் கைச் சுற்றளவை மாதாமாதம் அளப்பதும் கட்டாயமாக்கப்படவேண்டும். வீக்கத்துக்கு அணியும் அழுத்த உறை ஆயிரக்கணக்கில் விற்கிறது, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். சர்க்கரை மாத்திரையைப் போல அதுவும் இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

மூன்றாவது: காலனிக்கும் சூளைக்கும் தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்கும் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் நேரில் வந்து, மறைவான இடத்தில், கையால் தொட்டுப் பரிசோதிக்கவேண்டும். அந்தப் பணியாளருக்கும் நிரந்தர வேலையும் முறையான சம்பளமும் வேண்டும்.

நான்காவது: எந்த அறுவை, ஏன், மாற்று என்ன, கைக்கு என்ன ஆகலாம் என்பதைத் தமிழில், பேசிப் புரியவைத்த பிறகே கையெழுத்து. கதிர்வீச்சுக்கு வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தங்குமிடமும் பயணப்படியும். மார்பைக் காப்பாற்றுவது பஸ் காசு உள்ளவளுக்கு மட்டுமான உரிமையாக இருக்கக் கூடாது.

ஐந்தாவது: புற்றுநோய்ப் பதிவேடுகள் வயதையும் மாவட்டத்தையும் வைத்து அறிக்கை தருகின்றன. சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் தரட்டும். எந்தக் கட்டத்தில் வந்தார்கள், எந்த அறுவை நடந்தது, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு வரட்டும். கணக்கெடுக்காமல் இருக்கும்வரை 'நோய்க்குச் சாதியில்லை' என்று பேசிக்கொண்டே இருக்கலாம் என்பதுதானே வசதி?

இவற்றில் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பை வேண்டி நிற்கவில்லை. மருந்து இருக்கிறது, முறை இருக்கிறது, சட்டத்தில் முன்மாதிரி இருக்கிறது, ஊழியர்கள்கூட இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: நடவு நடும் கையும் தெருக்கூட்டும் கையும் குணமாகும்வரை காத்திருக்கத் தகுதியான கைகள் என்ற எண்ணம். அடுத்த அக்டோபரில் இளஞ்சிவப்பு நாடாவோடு உங்கள் கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ யாராவது வந்தால், நாடாவை வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை முடிந்த பெண்ணுக்கு எத்தனை மாதக் கூலி தருவீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.